பக்கம் இடம் மாறினால் கூகுள் என்ன செய்யும்?

"பல வருஷமாக பிளாக்ஸ்பாட்டில் எழுதுகிறேன். சொந்த டொமைன் வாங்கி வேர்ட்பிரஸுக்கு மாறினால், தேடலில் முன்னால் வரும் பதிவுகள் காணாமல் போய்விடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சும்மா மாற்றினால் போய்விடும். 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரினும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு வந்து சேரும் இணைப்புகளை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டது. கூகுள் இன்று வேறு பலவற்றையும் பார்க்கிறது, இணைப்புகளையும் விட்டுவிடவில்லை. அவை சுட்டுவது முகவரியை. அதே கட்டுரையை வேறு முகவரியில் போட்டால், அது யாரும் சுட்டாத பக்கம்.

இதற்குத்தான் 301 என்ற பதில் எண். பழைய முகவரியைத் தேடி வரும் கூகுள்பாட்டிடம் (பக்கங்களைப் படித்துத் திரட்டும் கூகுளின் நிரல்) சர்வர் "301, நிரந்தரமாக மாறியாயிற்று" என்று சொல்லிப் புது முகவரியைத் தருகிறது. 302 என்றால் தற்காலிகம். வாசகருக்கு இரண்டும் ஒன்றுதான். கூகுளுக்குள் நடப்பதுதான் சுவாரஸ்யம். ஒரே பக்கத்துக்குரிய பல முகவரிகளை அது ஒரு கொத்தாகச் சேர்த்து, ஒன்றைத் தலைமை முகவரியாகத் தேர்ந்தெடுக்கிறது. கொத்தில் எதற்கு வந்த இணைப்பும் தலைமையின் கணக்கில் சேரும். 301 புது முகவரிக்கு விழும் பலமான ஓட்டு. 302 பழையதன் பக்கம் சாய்கிறது. சைட்மேப்பும் (தளத்தின் பக்க முகவரிப் பட்டியல்) தளத்தின் உள் இணைப்புகளும்கூட ஓட்டுப் போடும். அவற்றைப் பழைய முகவரியிலேயே விட்டுவைத்தால் ஓட்டு பிரியும்.

301-இல் 15 சதவீத மதிப்பு கசியும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். பேஜ்ரேங்க் சூத்திரத்தில் இணைப்பு வழியே போகும் மதிப்பை 85 சதவீதமாகக் குறைக்கும் 0.85 என்ற எண்ணிலிருந்து முளைத்த கதை போலிருக்கிறது. 301, 302 போன்ற 300 வரிசைத் திருப்பங்களில் பேஜ்ரேங்க் இழப்பு இல்லை என்று கூகுளின் கேரி இல்யஸ் 2016-லேயே சொல்லிவிட்டார். நியூமராலஜி பார்த்து டொமைனில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்பவரோடு இவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பதிவர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில். தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாக்கர் முகவரியில் 'பிளாக்-போஸ்ட்_23' என்றுதான் போட்டிருக்கும். வேர்ட்பிரஸோ தலைப்பையே முகவரியாக்கும். அங்கே ஒரு 'க' %E0%AE%95 என்று ஒன்பது குறிகளாக விரியும், 'அம்மா' 45 குறிகளாக. மொத்தம் 200 குறிகளைத் தாண்டினால் வேர்ட்பிரஸ் நறுக்கிவிடும். பிளாக்கர் முகவரியை வேர்ட்பிரஸ் முகவரியாக மாற்ற ஒரு பொது விதி எழுத முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் பழையது, புதியது என்று பட்டியல்தான் போடவேண்டும். புதிய முகவரியை நீங்களே தட்டாமல் பிரவுசரிலிருந்து நகலெடுங்கள். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால், பக்கமே இல்லை என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். அப்புறம், திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருஷமாவது எடுக்காதீர்கள்.