எலிக்கு மயக்க ஊசி: எந்தக் கலவை, எதற்காக?

ஆய்வகச் சுண்டெலி ஒன்றின் எடை சுமார் 25 கிராம்தான். அதன் வால் சிரை அவ்வளவு மெலிசு. அதில் ஊசி ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து செலுத்துவது பழகிய கைக்கே சிரமம். அதனால் பெரும்பாலும் வயிற்றறைக்குள், குடலைச் சுற்றியுள்ள இடத்தில், முழு அளவையும் ஒரே ஊசியில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே போனது போனதுதான். மயக்கத்தின் ஆழத்தைப் பார்த்து அளவைக் குறைக்க வழியில்லை. ஊசி முனை தவறிக் குடலுக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ இறங்கினால், சரியான அளவு கொடுத்தும் எலி மயங்காமல் போகலாம்.

நல்ல மயக்கம் என்றால் நினைவு போக வேண்டும், வலி தெரியக்கூடாது, தசைகள் தளர வேண்டும். ஆபத்தில்லாத அளவில் இந்த மூன்றையும் செய்யும் ஒற்றை மருந்து ஊசி வடிவில் கிடைப்பது அரிது. கெட்டமினையே எடுத்துக்கொள்வோம். நரம்பணுக்கள் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் மூலம் பேசிக்கொள்ள உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை, அதாவது அந்தச் செய்தியை வாங்கும் புரதங்களை, அது அடைத்துவிடுகிறது. ஆனால் தனியாகக் கொடுத்தால் சுண்டெலியின் தசைகள் விறைத்துக்கொள்ளும், உடல் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த நிலையில் அறுவை செய்ய முடியாது. கூடவே சைலசின் சேர்த்தால் கதை மாறுகிறது. அது ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டி, மூளையில் விழிப்பைத் தூண்டும் நார்அட்ரினலின் சுரப்பைக் குறைத்து, தசையைத் தளர்த்துகிறது. வலியையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. கிலோவுக்கு 80 முதல் 100 மி.கி. கெட்டமின், 10 மி.கி. சைலசின் என்பது சுண்டெலிகளுக்குப் பரவலாகப் பயன்படும் கணக்கு. அதன்படி 25 கிராம் எலிக்குக் கெட்டமின் 2.5 மி.கி.யைத் தாண்டாது. மருந்தை நீர்க்காமல் ஊசியில் ஏற்றினால் ஒரு துளி கூடினாலும் அளவு எகிறிவிடும்.

இந்த ஜோடி தரும் நிம்மதிக்கு விலை உண்டு. இதயத்துடிப்பு வெகுவாகக் குறைகிறது. சிறுநீர் அதிகம் பிரிகிறது. கணையம் இன்சுலின் சுரப்பதை ஆல்ஃபா-2 மருந்துகள் தடுப்பதால் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. நீரிழிவு ஆய்வில் இந்தக் கலவையைப் போட்டுவிட்டுச் சர்க்கரையை அளந்தால், அளப்பது நோயையா மருந்தையா என்று சொல்ல முடியாது. இதயத்தைப் படம் பிடிக்கும் ஆய்வுக்கும் இதே சிக்கல்தான்.

ஜப்பானில் 2007இல் கெட்டமின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு அங்கே மெடெடோமிடின் (சைலசின் போன்ற ஆல்ஃபா-2 மருந்து), மிடசோலம் (தூக்க மருந்து), பியூட்டர்ஃபனால் (வலிநிவாரணி) மூன்றும் சேர்ந்த கலவை பரவலானது. சுண்டெலிக்குக் கிலோவுக்கு முறையே 0.3, 4, 5 மி.கி. என்பது வழக்கமான அளவு. இதன் பெரிய பலம், மயக்கத்தை முறிக்க மருந்து இருப்பது. அட்டிபமசோல் என்ற அந்த முறிவு மருந்தைப் போட்டால் மெடெடோமிடினின் பிடி விலகி எலி சீக்கிரம் எழுந்துவிடும். சைலசினுக்கும் இது வேலை செய்யும். ஆனால் கெட்டமினுக்கு முறிவு மருந்து கிடையாது. அவசரப்பட்டு சைலசினை மட்டும் முறித்தால், கெட்டமினின் விறைப்பு மட்டும் மிஞ்சும்.

கலவைகளை ஒப்பிடும்போது எத்தனை நிமிடம் தூங்கியது என்ற எண்ணுக்குத்தான் முதலிடம் தருகிறார்கள். என் பார்வையில் அது போதவே போதாது. மல்லாக்கப் போட்டால் புரண்டு எழாமல் கிடக்கும் எலி, கால் விரலிடுக்கை அழுத்தினால் காலை இழுத்துக்கொள்ளலாம். அப்படி இழுத்தால் கத்தி வைக்கும் ஆழம் இன்னும் வரவில்லை என்று பொருள். ஒப்பிட வேண்டியது அந்த ஆழம் நீடிக்கும் நேரத்தை. அந்த நேரத்தில் ரத்த ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, மூச்சு எப்படி இருந்தது என்பதை. எலியின் இனவகை, பால், வயது மாறினால் அதே அளவின் விளைவும் மாறும். ஆகவே வேறொரு ஆய்வகத்தின் கணக்கை அப்படியே எடுத்துப் போடாமல், முதலில் சில எலிகளில் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம், வெப்பம். எடையோடு ஒப்பிட்டால் சுண்டெலியின் தோல்பரப்பு மிக அதிகம். மயங்கிய சில நிமிடங்களிலேயே உடல் குளிரத் தொடங்கிவிடும். குளிர்ந்த உடலில் கல்லீரல் மருந்தை மெதுவாகத்தான் சிதைக்கும், எழுவதும் தள்ளிப்போகும். வெப்பத் திண்டு இல்லாமல் எடுத்த தூக்க நேரத்தையும் திண்டோடு எடுத்ததையும் ஒரே அட்டவணையில் வைப்பது அதனால்தான் தவறு. கண்கள் திறந்தே இருப்பதால் உலராமல் களிம்பும் தடவ வேண்டும்.

எழுப்புவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அட்டிபமசோல் தூக்கத்தைக் கலைக்கும்போதே, மெடெடோமிடின் தந்த வலிநிவாரணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். தையல் போட்ட எலிக்கு அந்த நேரத்தில் புப்ரெனார்ஃபின் போன்ற வலிநிவாரணியோ, அழற்சியைத் தணிக்கும் மருந்தோ ஏற்கெனவே உடலில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.