ஒரு லைக் வந்து சேர என்ன செலவாகும்?

மெட்டாவின் த்ரெட்ஸ் போன்ற பெரிய நிறுவனத் தளம் ஃபெடிவர்ஸுக்குள், அதாவது பலரும் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் இணைந்த சமூக வலைக்குள், வந்தால் சின்ன சர்வர்களுக்கு என்ன கஷ்டம், பிடிக்காதவர்கள் பிளாக் செய்துவிட்டுப் போகலாமே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அடிப்படை எளிது. ஃபெடிவர்ஸில் பலரும் பயன்படுத்தும் மென்பொருள் மாஸ்டடான். அதன் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில். 2018இல் அது அதிகாரபூர்வ இணையத் தரமானது. பதிவு, பதில், லைக் எல்லாமே சர்வருக்குச் சர்வர் இன்பாக்ஸில் வந்து விழும். 2023 ஜூலையில் த்ரெட்ஸைத் தொடங்கிய மெட்டா, அந்த டிசம்பரிலேயே இந்த நெறிமுறையைச் சோதிக்க ஆரம்பித்தது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சின்ன சர்வரில் ஒருவர் பதிவு போடுகிறார். ஒரு பெரிய சர்வரில் அவரைப் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், அங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொது இன்பாக்ஸ் இருந்தால் ஒரு பிரதி அனுப்பினால் போதும். உள்ளே பங்கு போட்டுக்கொள்வது அவர்கள் பாடு. ஆனால் லைக்குகள் இப்படி மொத்தமாகத் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு லைக்கும் தனிச் செய்தி, ஒவ்வொன்றிலும் போட்டவரின் டிஜிட்டல் கையொப்பம். அதைச் சரிபார்க்க அவருடைய பொதுத் திறவுகோல் (கையொப்பம் அவருடையதுதானா என்று சோதிக்க உதவும், யாரும் பார்க்கக்கூடிய குறியீடு) வேண்டும். முன்பின் தெரியாத ஆள் என்றால், சின்ன சர்வர் அவருடைய சர்வருக்கே போய் சுயவிவரத்தையும் திறவுகோலையும் கேட்டு வாங்கி, கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் ஏற்கும். கூடவே அவருடைய படத்தையும் இறக்கித் தன் வட்டில் வைத்துக்கொள்ளும். யாரும் யார் பெயரிலும் போலி லைக் போட முடியாதபடி செய்யும் அழகான ஏற்பாடு இது. அந்த அழகுக்கான மின்சாரமும் வட்டும் வாங்குபவர் தலையில். ஒரு பதிவு வைரலானால், மாதச் சந்தாவில் ஓடும் குட்டி சர்வரில் வேலை வரிசை மணிக்கணக்கில் தேங்கும்.

சரி, பிளாக்? செய்தால் அவர்கள் செய்திகளை ஏற்பது நிற்கும். ஆனால் பொதுப் பதிவுகளை யார் வந்து கேட்டாலும் கொடுப்பதுதான் மாஸ்டடானின் இயல்பான அமைப்பு. கேட்பவரும் கையொப்பமிட வேண்டும் என்ற தேர்வைத் தனியாக இயக்கினால்தான் அந்தக் கதவும் மூடும்.

அப்புறம் பழைய கசப்பு ஒன்று உண்டு. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2006இல் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறை வழியாக வெளிச் சர்வர்களோடு இணைந்தது. 2013இல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்ததும் அந்த இணைப்பைக் கைவிடத் தொடங்கினார்கள். எக்ஸ்எம்பிபி செத்துவிடவில்லை, ஆனால் தனிச் சர்வரில் இருந்தவர்களுக்கு ஜிமெயில் நண்பர்கள் கைநழுவிப் போனார்கள். மெட்டாவின் வருகைக்கு முன்பே பல நிர்வாகிகள் பிளாக் செய்வதாக உறுதி எடுத்தது இதையும் நினைத்துத்தான். அவர்கள் அளவுக்கு நான் பயப்படவில்லை. ஆனால் இத்தனை பேர் நம்பியிருக்கும் நெறிமுறையைத் தன்னார்வலர்கள் கைக்காசில் தாங்குவது அநியாயம். ஜெர்மன் அரசு சாவரின் டெக் ஃபண்ட் மூலம் திறமூல அடித்தளங்களுக்குப் பணம் தருகிறது. மற்ற அரசுகளுக்கு ஏன் கை வரவில்லை?

சர்வர் நடத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: மாஸ்டடானில் ஒரு சர்வர் மீது 'லிமிட்' போட்டால் அதன் பதிவுகள் பொது ஓடையில் தெரியாது. லைக்குகள் வந்துகொண்டேதான் இருக்கும். சுமை குறைய வேண்டுமென்றால் 'சஸ்பெண்ட்', அதாவது மேலே சொன்ன முழு பிளாக் தான் வழி. அதைப் போட்டால் உங்கள் பயனர்கள் அங்கே பின்தொடரும் ஆட்களும் போய்விடுவார்கள். அதனால் முதலில் உங்கள் பயனர்களைக் கேட்டுவிடுங்கள்.