சிபிசி தாளும் பெருங்குடலின் மறைவான ரத்தக் கசிவும்

ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையைத் தரும் சிபிசி பரிசோதனையைத் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரத்தின் சிறு ஊர் லேபுகளிலும் இன்று செய்துகொள்ளலாம். காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கு முன்போ எடுக்கப்படும் அந்தத் தாளில் பெரும்பாலோர் ஹீமோகுளோபின் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயின் முதல் தடயம் சிலருக்கு அதே தாளில்தான் தென்படுகிறது.

பெருங்குடலின் வலப்பகுதி அகலமானது. அங்கே மலமும் இன்னும் இறுகாமல் நீர்த்தே இருக்கும். ஆகவே அப்பகுதியில் வளரும் கட்டி, அடைப்பையோ வலியையோ உண்டாக்காமல் நெடுநாள் பெருகக்கூடும். ஆனால் அதன் மேற்பரப்பு புண்ணாகிச் சிறிது சிறிதாக ரத்தம் கசியும். மலத்தோடு கலந்துவிடுவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான். எனவே நாள்தோறும் ஒரு தேக்கரண்டி ரத்தம் கசிந்தாலே வரவை மிஞ்சிய செலவாகி, சேமிப்பில் உள்ள இரும்பு கரையத் தொடங்குகிறது.

இந்தக் குறைவு ஒரு வரிசையில் வெளிப்படுகிறது. முதலில் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இறங்கும். அது சிபிசியில் சேராத தனிப் பரிசோதனை. பிறகு, இரும்பு போதாமல் எலும்பு மஜ்ஜையில் சிறுத்து உருவாகும் புதிய சிவப்பணுக்கள், சுமார் 120 நாள் வாழும் பழைய அணுக்களோடு கலந்து ஓடுவதால், அணுக்களின் அளவு வேறுபாட்டைக் குறிக்கும் ஆர்டிடபிள்யூ உயரும். சராசரி அளவைக் குறிக்கும் எம்சிவி மெல்ல 80க்குக் கீழே போகும். ஹீமோகுளோபின் தெளிவாகக் குறைவது பெரும்பாலும் இவற்றுக்குப் பிறகுதான். ஓர் ஆணுக்கு அது 15இலிருந்து 13.2க்கு இறங்கினாலும், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 13 என்பதால், லேப் தாளில் அது இயல்பு என்றே அச்சாகும். பழைய தாளை அருகில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் சரிவு புலப்படும்.

வயது, பாலினம், சிபிசி எண்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு பெருங்குடல் புற்றுநோயின் அபாயத்தைக் கணிக்கும் கணினி முறையொன்றை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். பின்னர் அது கோலன்ஃபிளாக் என்று பெயர் பெற்றது. அது நோயை உறுதிசெய்வதில்லை, பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு யாரை முதலில் அனுப்பலாம் என்று சுட்டுகிறது. அதே தாளில் உள்ள, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையும் சேதி சொல்லக்கூடும்: 40 வயதைத் தாண்டியோரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், தட்டணுக்கள் மிகுந்திருந்த ஆண்களில் 11.6 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 6.2 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு புற்றுநோய் கண்டறியப்பட்டது. நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்கள் அவற்றில் முன்னின்றன.

டெல்டாவில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெறுங்காலோடு சேற்றில் இறங்குவோருக்குக் கொக்கிப்புழு, பெண்களுக்கு மாதவிடாய், எல்லோருக்கும் இரும்புச்சத்து குறைந்த அரிசிச் சாப்பாடு என்று ரத்தசோகைக்கு நம்பத்தகுந்த காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. மலத்தில் ரத்தம் கண்டாலும் மூலநோய் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. பிறவியிலேயே அணுக்கள் சிறுத்திருக்கும் தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் எம்சிவி குறைவாகவே காட்டும். ஆனால் அவர்களுக்கு அந்த எண் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறுவதில்லை. அறுபது வயது விவசாயிக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு உறுதியானபின் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது, வரப்பில் நண்டு வளையைத் தேடாமல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பானது என்பேன். மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறும்; அந்த ஏற்றமே கசிவை இன்னும் சில மாதம் மறைத்துவிடும்.

இத்தகையோருக்கு அடுத்த படி, மலத்தில் மனித ஹீமோகுளோபினைத் தேடும் எஃப்ஐடி பரிசோதனை அல்லது நேரடியாக, வாய்வழியே இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும். எது முதலில் என்பதை வயதும் அறிகுறிகளும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். மறுபுறம், சிபிசி முற்றிலும் இயல்பாக இருப்பது குடல் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. இடப்பகுதியிலும் மலக்குடலிலும் வரும் கட்டிகள் ரத்தசோகை தோன்றுமுன்பே மலம் கழிக்கும் வழக்கத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால், வாரக்கணக்கில் நீடிக்கும் அத்தகைய மாற்றத்துக்கு ரத்தப் பரிசோதனை முடிவு எதுவாயினும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.