தாருக்குள் நார்

தார்ச் சாலை பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, வெயிலில் தார் இளகி, லாரிச் சக்கரம் ஓடும் தடத்திலேயே நீளமாகக் குழி விழுவது. நம் சாலைகளில் அதிகம் புழங்கும் வி.ஜி.-30 என்ற தார் வகைக்கு இளகுநிலை (சூட்டில் தார் இளகிக்கொடுக்கும் வெப்பநிலை) குறைந்தது 47 டிகிரி இருந்தால் போதும் என்கிறது தரவிதி. கோடையில் சாலையின் மேற்பரப்போ 60 டிகிரியைத் தொட்டுவிடும். இன்னொன்று, பாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, அடுக்கின் அடியில் மயிரிழை விரிசல் விட்டு மேலே வருவது. கலவையில் பாலிமர் (பிளாஸ்டிக் வகை) நார் சேர்ப்பது இந்த இரண்டையும் தள்ளிப்போடத்தான்.

சக்கரம் ஏறும்போது அடுக்கு லேசாக வளைகிறது. மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. ஜல்லியும் தாரும் அமுக்கத்தை நன்றாகவே தாங்கும், இழுவையில்தான் விட்டுக்கொடுக்கும். விரிசல் விடுகிற இடத்தில் குறுக்கே ஒரு நார் கிடந்தால், விரிசல் அகல அந்த நாரை அறுக்க வேண்டும், இல்லையென்றால் தாரிலிருந்து உருவ வேண்டும். பெரும்பாலும் நடப்பது உருவுவதுதான். அந்த உராய்விலேயே விரிசலைத் தள்ளும் ஆற்றல் கரைந்துவிடுகிறது. நார் ரொம்பக் குட்டையானால் பிடிமானம் இல்லாமல் வழுக்கி வந்துவிடும். நீளமானால் கலக்கும்போதே சிக்கு விழும். பாலியெஸ்டர் நாரை 6 மி.மீ. அளவிலும், குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் அராமிட் நாரை 19 மி.மீ. அளவிலும் வெட்டுவது இதனால்தான்.

எந்த நார் வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்வது வெப்பநிலை. வி.ஜி.-30 கலவை 150 முதல் 165 டிகிரியில் தயாராகிறது. பிளாஸ்டிக் சாக்கு நெய்யும் பாலிபுரொப்பிலீன் உருகுவதும் ஏறக்குறைய 160 முதல் 165 டிகிரியில். ஆக, அது கலவையில் நாராக நிற்கும் என்று நம்ப முடியாது. உருகித் தாரோடு சேர்ந்துவிடும். உருகுவதே நோக்கமென்றால் அது வேறு கதை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் முறையில், துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லிமேல் தூவி, கல்லுக்கு உறை போடுகிறார்கள். அங்கே பிளாஸ்டிக் பூச்சு, நார் அல்ல. நாராகவே நிற்க வேண்டுமானால் 250 டிகிரிக்கு மேல் உருகும் பாலியெஸ்டரோ, உருகாமல் 400 டிகிரியைத் தாண்டிய பிறகே சிதையும் அராமிடோ வேண்டும்.

பாலியெஸ்டர் என்றால் கலவை எடையில் 0.3 சதவீதம், அதாவது டன்னுக்கு 3 கிலோ அளவில் போடுவார்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 20 மைக்ரான் தடிமனுள்ள நார் 3 கிலோவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 435 சதுர மீட்டர். அதன்மேல் 8 மைக்ரான் தாரைப் பூசவே மூன்றரை கிலோ தார் போய்விடும். பழைய வடிவமைப்பின் தார் அளவை மாற்றாமல் நாரைக் கொட்டினால், ஜல்லிக்குச் சேர வேண்டிய தாரை நார் குடித்துவிடும். கலவை வறண்டு, மழைக்கு ஜல்லி பெயரும். நார் சேர்த்த கலவைக்கு, சரியான தார் அளவைக் கண்டறியும் மார்ஷல் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யாத ஒப்பந்தக்காரர், நாரே வாங்காமல் இருந்திருக்கலாம்.

அராமிடும் பாலியோலிஃபினும் (பாலிபுரொப்பிலீன் சேர்ந்த பிளாஸ்டிக் குடும்பம்) கலந்த நாருக்கு டன்னுக்கு அரைக் கிலோ போதும். பாலியோலிஃபின் இழைகள் சூட்டில் இளகி உருக, அவற்றோடு வந்த அராமிட் இழைகள் பிரிந்து பரவும்.

பரவல்தான் எல்லாமே. ஒவ்வொரு தொகுதியாகக் கலக்கும் பேட்ச் ஆலையில் நாரை உருகும் பையோடு மிக்சருக்குள் போட்டு, தார் விழுமுன் 10, 15 விநாடி ஜல்லியோடு உலர்வாகப் புரட்ட வேண்டும். தார் விழுந்த பிறகு போட்டால், இலவம்பஞ்சு உருண்டை மாதிரி திரண்டு நிற்கும். அந்த உருண்டை விழும் இடம் சாலையின் பலவீனமான இடம். சுழலும் உருளையில் இடைவிடாமல் கலக்கும் டிரம் ஆலையில் தொல்லை இன்னும் கூடுதல்: சுடர் பக்கம் விட்டால் நார் கருகும், காற்றோட்டத்தில் விட்டால் தூசு வடிகட்டும் பைக்குள் போய்விடும். பழைய தார்க்கலவையைச் சேர்க்கும் வாய் வழியாக, ஊதி விடும் கருவியால் சீராகச் செலுத்துவதே வழி. சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்துக் கரைப்பானில் தாரைக் கழுவி, மிஞ்சும் நாரை நிறுத்துப் பார்த்துவிடலாம்.

நார் உள்ள கலவை விறைப்பாக இருக்கும், ரோலருக்கு எளிதில் அடங்காது. வி.ஜி.-30 கலவையை 140 டிகிரிக்குக் குறையாமல் விரித்து, 90-க்கு இறங்குமுன் உருட்டி முடிக்க வேண்டும். அதற்குள் டயர் ரோலரைக் கூடுதலாக ஓட்டவில்லையென்றால் அடுக்குக்குள் மிஞ்சும் காற்றிடம் 8 சதவீதத்தைத் தாண்டும். அதன்பின் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீரை உள்ளே விடும். அடித்தளமே அமுங்கும் சாலைக்கும், வடிகால் இல்லாத தெருவுக்கும் நாரால் பலன் இல்லை.

இப்போது ஆய்வில் இருப்பவை விரிசலை ஆற்றும் நார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டை இழையாக்கி, உள்ளே சிறு அறைகளில் தாரை இளக்கும் எண்ணெயை அடைத்திருக்கிறார்கள். விரிசல் இழையைக் கிழித்தால் எண்ணெய் கசிந்து, முதுமையில் இறுகிய தாரை இளக்கி மறுபடி ஒட்ட வைக்கும். ஒரு இழையில் உள்ள எண்ணெய் ஒரு தடவைக்குத்தான். இதே டெல்ஃப்டில் எரிக் ஷ்லாங்கன் குழு எஃகு இழைகளை வைத்து வேறு வழி பிடித்தது: 2010-இல் ஃபிளிஸ்ஸிங்கன் அருகே ஏ58 நெடுஞ்சாலையில் அந்தக் கலவையைப் போட்டார்கள். மேலே, இண்டக்ஷன் அடுப்பு போல உலோகத்தைச் சூடாக்கும் மின்தூண்டல் கருவியை ஓட்டினால் இழைகள் சூடேறி, சுற்றியுள்ள தார் உருகி விரிசலை நிரப்பும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம், இழைகள் துருப்பிடிக்காத வரை.