காய்ச்சலோடு சேலனுக்குப் புறப்படாதீர்கள்

சுவீடனில் பொதுமருத்துவராகப் பணிபுரியும் எனக்குப் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் ஞாயிறு வரையிலான நாள்கள் ஒரு தனிப் பருவம். தொண்டைக் கரகரப்பு, இருமல், இலேசான காய்ச்சல் என்று அப்போது வருபவர்களில் சிலர், மருந்தைவிட ஓர் அனுமதியையே என்னிடம் எதிர்பார்க்கிறார்கள். டாலர்னா மாகாணத்தில் சேலன் என்ற ஊரிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டரைப் பனியில் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கட்டிக்கொண்டு கடக்கும் வாசலோப்பெட் பந்தயத்துக்கு ஓராண்டு பயிற்சி செய்து, கட்டணம் செலுத்தி, தங்கும் அறையும் பிடித்துவிட்டவரிடம் "இந்த ஆண்டு வேண்டாம்" என்று சொல்வதுதான் என் தொழிலில் மிகவும் சங்கடமான அறிவுரைகளுள் ஒன்று.

இந்தப் பிடிவாதத்துக்கு வரலாறும் ஒரு காரணம். 1520 நவம்பரில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்தியான் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்திய படுகொலையில் தந்தையை இழந்த குஸ்டாவ் வாசா, மூரா மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்துப் பார்த்தார். அவர்கள் தயங்கவே, நோர்வேயை நோக்கித் தப்பிச் சென்றார். பின்னர் மனம் மாறிய மூரா மக்கள் அனுப்பிய இருவர், ஸ்கீயில் விரைந்து சென்று சேலன் அருகே அவரை எட்டிப்பிடித்துத் திரும்ப அழைத்து வந்ததாக மரபு கூறுகிறது. 1523இல் அவர் சுவீடனின் மன்னரானார். அந்த ஸ்கீப் பயணத்தின் நினைவாக 1922இல் நடந்த முதல் பந்தயத்தில் 119 பேர் ஓடினார்கள். இன்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே காலையில் புறப்படுகிறார்கள். பந்தயத்தின் தடம் குஸ்டாவ் வாசா ஓடிப்போன வழியன்று, திரும்பி வந்த வழி என்பதை என்னிடம் அனுமதி கேட்பவர்களுக்கு நான் நினைவூட்டுவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர், பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னதாக 38.5 பாகை காய்ச்சலோடு வந்தார். போக வேண்டாம் என்றேன். அவர் பாராசிட்டமால் விழுங்கிவிட்டுப் போனார். மாத்திரையால் காய்ச்சல் தணிந்ததே தவிர, தொற்று தணியவில்லை. 35ஆம் கிலோமீட்டரில் உள்ள ரிஸ்பெர்க் இளைப்பாறு நிலையத்தை எட்டுவதற்குள் நெஞ்சில் பாரமும் படபடப்பும் வந்து, உதவியாளர்கள் அவரை இறக்கி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இதயத்தசை அழற்சி என்று தெரியவந்தது. சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்களுள் சில இதயத்தசையையும் தாக்கக்கூடியவை. அந்த நேரத்தில் இதயத்தை மணிக்கணக்கில் உச்ச வேகத்தில் உழைக்க வைத்தால் அழற்சி கடுமையாகலாம், ஆபத்தான துடிப்புக் கோளாறும் ஏற்படலாம். உயிர் பிழைத்தவரும் மூன்று முதல் ஆறு மாதங்கள் கடும் உடற்பயிற்சியை விட்டுவிட வேண்டும். அவர் ஆறு மாதம் வெறும் நடையோடு நிறுத்திக்கொண்டார்.

மூக்கடைப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி, படுக்கையிலிருந்து எழும்போதே வழக்கத்தைவிட நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு கூடுதலாக இருக்கும் நாடி ஆகியவற்றில் எது இருந்தாலும் புறப்படக் கூடாது. வலிக்கு இபுபுரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவதும் தவறு; நீர்ச்சத்து குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

நலமாக இருப்பவர்களையும் சேர்த்தே ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1989 முதல் 1998 வரை இந்தப் பந்தயத்தை முடித்த 52,755 பேரின் மருத்துவப் பதிவுகளை சுவீடன் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கும் மிக வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத்துடிப்புக் கோளாறு, குறிப்பாக மேலறைத் துடிப்புச் சீர்கேடு, சுமார் 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உயிருக்கு நேரடி ஆபத்தான கீழறைத் துடிப்புக் கோளாறுகள் அவ்வாறு கூடவில்லை. ஆகவே இதைக் கேட்டுப் பயந்து ஸ்கீயைத் தூக்கி எறிய வேண்டாம். காரணமற்ற படபடப்பையும் திடீர்க் களைப்பையும் "வயதாகிறது" என்று தள்ளிவிடாமல் இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் துறையின் ஒரு பழைய தவறையும் ஒப்புக்கொள்கிறேன். 1923இல் மார்கிட் நூர்டின் என்ற பெண் இத்தடத்தைப் பத்து மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடித்துக் காட்டியும், மறு ஆண்டே பெண்களுக்குத் தடை வந்தது. அது 1981இல்தான் நீங்கியது. இத்தகைய கடும் உழைப்பு பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்ற அக்கால நம்பிக்கைக்கும் அதில் பங்குண்டு. "வேண்டாம்" என்று சொல்லும்போதெல்லாம் அது ஆதாரத்தில் பிறந்ததா, பழக்கத்தில் பிறந்ததா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், தொடக்க ஏற்றத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. புறப்பட்டதும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஏறுமுகம். அத்தனை பேரும் அதில் நெருக்குவதால் பின்வரிசையில் நிற்பவருக்கு அதைக் கடக்கவே ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சமதளத்தில் வியர்த்த உடை, நெரிசலில் நிற்கும்போது குளிர்ந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உள்ளாடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆண்கள், முன்புறம் காற்றுத் தடுப்புத் துணி வைத்த உள்ளாடை அணிய வேண்டும். அந்த இடத்தில் பனிக்கடி வந்து, வெட்கத்தால் தாமதித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு.

நிலையந்தோறும் தரும் வெதுவெதுப்பான புளூபெர்ரி சூப்பைக் குடியுங்கள், அதில் நீரும் சர்க்கரையும் சேர்ந்தே கிடைக்கும். மெதுவாகச் செல்பவர்கள் வெறும் தண்ணீரையே தாகத்துக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரலாம்.

நானும் ஒருமுறை ஓடினேன். வெயில் ஏறிப் பனி இளகியதும் ஸ்கீ பின்னோக்கி வழுக்காதிருக்க அதன் அடியில் பூசியிருந்த பிடிமெழுகு பயனற்றுப் போக, கைத்தடிகளை மட்டுமே நம்பி உந்தியதில் இரு கைகளிலும் சுண்டுவிரல்கள் மரத்துவிட்டன. ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த நேரத்துக்குப் பின் தடத்தின் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். சுவீடிஷ் மொழியில் அதன் பெயரே "கயிற்று நேரம்" என்றுதான் பொருள்படும். பாதி வழியான ஏவெர்ட்ஸ்பெர்க்கை, 47ஆம் கிலோமீட்டரில், கயிறு விழுந்து சில நிமிடங்களுக்குப் பிறகு எட்டினேன். கயிற்றைப் பிடித்திருந்த பெண்மணி என் கைகளைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஒரு குவளை சூப்பை நீட்டி, மூரா செல்லும் பேருந்து நின்ற திசையைக் காட்டினார். குவளையைப் பிடிக்க எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன.