ஏற்காட்டு வளைவில் நிற்கும் காரும் ஒரு துளி ஈயமும்

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய கார். ஏற்காடு ஏறும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் என்ஜின் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போர்டில் சால்டர் (பற்றவைப்பு ஈயம்) விட்டிருக்கும், போர்டையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். நானே வீட்டில் பற்ற வைத்துப் பார்க்கலாமா?"

மலையில் காற்று மெல்லியதாக இருப்பதால் வண்டி நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறையும், உண்மைதான். ஆனால் அதை அளக்க என்ஜினில் சென்சார் இருக்கிறது. அதற்கேற்ப இசியூ பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். தவிர, அதே உயரத்தில் நின்று ஆறினதும் வண்டி கிளம்புகிறதே! ஆக, உயரத்தை விட்டுவிட்டுச் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். இப்படி நிற்கும் வண்டிக்குத் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் போர்டைப் பார்த்தால், திருஷ்டி என்று சொன்னது ஒரு பின்னைச் (போர்டில் செருகிய உலோகக் கம்பி) சுற்றி மோதிரம் போல ஓடும் விரிசலாகக் கண்ணுக்கே தெரியலாம்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும், பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று கணக்குப் போடும் பெட்டிதான் இசியூ. அதன் போர்டில் கனெக்டர் பின்களும், ரிலேயும், இன்ஜெக்டரை ஓட்டும் டிரான்சிஸ்டர்களும்தான் அதிகம் சூடாகும், அதிகம் அதிரும். சூட்டில் போர்டு ஒரு அளவுக்கு விரிகிறது, உலோகப் பின் வேறொரு அளவுக்கு விரிகிறது. நடுவில் இழுபடுவது சால்டர். வெள்ளீயமும் காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். கெல்வினில் சொன்னால் 456. பானெட்டுக்குள் 90 டிகிரி என்றால் 363 கெல்வின். உருகுநிலையின் ஐந்தில் நான்கு பங்குச் சூட்டில் நாள் முழுக்க அது பாரம் தாங்குகிறது. இரும்பை இதே கணக்கில் வைத்தால் 1170 டிகிரிக்குப் போக வேண்டும்; கொல்லன் உலையில் தகதகக்கும் இரும்பு அது. அந்த நிலையில் எந்த உலோகமும் மெல்ல மெல்ல நெகிழும். ஆயிரக்கணக்கான தடவை சூடாகி ஆறியதில் விரிசல் விழுகிறது. சூட்டில் விரிசல் விரிந்து தொடர்பு அறுகிறது, ஆறினால் மூடிக்கொள்கிறது.

சரி, விரிசலை உருக்கினால் ஒட்டிக்கொள்ளாதா? பலர் இப்படித்தான் நினைத்து சால்டரிங் அயர்னை வைத்து ஒரு தேய் தேய்க்கிறார்கள். பளபளப்பான உருண்டை ஒன்று பின்மேல் உட்காரும், ஆனால் ஒட்டியிருக்காது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

சிறுவயதில் சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரை நீங்கள் பார்த்திருக்கலாம். நான் மணிக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாத்திரத்தைக் காய்ச்சி, ஒரு துண்டு வெள்ளீயத்தை வைத்தால் அது உருகிக் குண்டுமணி போல உருளும். சேப்ப இலையில் தண்ணீர் உருள்வது போலத்தான். அப்புறம் நவச்சாரப் பொடியை (அம்மோனியம் குளோரைடு) தூவித் துணியால் ஒரு இழு இழுப்பார். வெள்ளைப் புகை எழும்பும். அந்தக் குண்டு சட்டென்று கலைந்து, பாத்திரத்தின் உட்புறம் முழுக்க வெள்ளி நிலவாகப் பரவும்.

உருகிய வெள்ளீயத்தின் பரப்பு இழுவிசை தண்ணீருக்கு இருப்பதைப் போல ஏழு மடங்குக்கு மேல். சும்மா விட்டால் உருண்டையாகத்தான் சுருளும். பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். செம்பின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. அந்தப் படலத்தோடு ஈயத்துக்கு உறவு கிடையாது. நவச்சாரம் சூட்டில் பிரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அது ஆக்சைடை அரித்து எடுத்துப் போகிறது. வெறும் செம்பு வெளியே வந்த கணத்தில் ஈயம் அதன்மேல் பாய்கிறது. இதற்குச் செம்பு உருக வேண்டியதில்லை. செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. ஆனாலும் சூடான டீயில் சர்க்கரை கரைவது போல, உருகிய ஈயத்தில் கொஞ்சம் செம்பு கரைகிறது. இரண்டும் சேர்ந்த இடத்தில் புதிதாக ஒரு சேர்மமே பிறக்கிறது: ஆறு செம்பு அணுக்களுக்கு ஐந்து வெள்ளீய அணுக்கள். ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் கனம்தான், தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. சால்டர் பிடித்துக்கொண்டது என்று நாம் சொல்வது இந்தப் படலத்தைத்தான். இது பசை ஒட்டுவது போன்ற காரியமே இல்லை. அதிக நேரம் சூடு வைத்தாலும் கெடுதல். படலம் தடித்து, உடையும் தன்மை வந்துவிடும். இரண்டு மூன்று விநாடி போதும்.

கொலுசுப் பட்டறையில் வெள்ளியை ஏறத்தாழ 700 டிகிரியில் பற்ற வைக்கும்போது வெண்காரம் போடுகிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. எலக்ட்ரானிக்ஸில் அந்த இடத்தில் ரோசின், அதாவது பைன் மரப் பிசின். சூட்டில் உருகும்போது மட்டும் அமிலமாக வேலை செய்து, ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகிச் சாதுவாகிவிடும். என்ன அழகான குணம்! நவச்சாரத்தையோ தகர வேலைக்கான அமிலத்தையோ போர்டில் தொடவே கூடாது. மிச்சம் நிற்கும் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துச் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும்.

ஈயப் பாத்திரமும் கொலுசும் உள்ள ஊரில், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளில் பலர் ஒரு தடவைகூட சால்டர் வைத்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம். ஸ்மார்ட் வகுப்புக்கான திரை ஒன்றின் விலையில் ஒரு பள்ளிக்கு நல்ல சால்டரிங் மேசை அமைத்துவிடலாம். பணத்தை அங்கே போடுங்கள் என்பேன்.

இனி உங்கள் போர்டு. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுங்கள். திறந்ததும் உள்ளே ஜெல் ஊற்றியிருந்தால் மூடிவிடுங்கள், அது வீட்டில் ஆகிற காரியமில்லை. வார்னிஷ் போன்ற வெறும் லாக்கர் பூச்சு என்றால் அந்த இடத்தில் மட்டும் நீக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். கையில் எர்த் பட்டை (உடம்பின் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்துவது) வேண்டும். 25 வாட் அயர்ன் போதாது. போர்டின் உள்ளே பரந்திருக்கும் செம்புத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும். வெப்பம் நிலையாக நிற்கும் 60 வாட் சால்டரிங் ஸ்டேஷனை 350 டிகிரியில் வையுங்கள். முனையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். உள்ளே செம்பு, மேலே இரும்புப் பூச்சு. பூச்சு போனால் ஈயம் அந்தச் செம்பையும் கரைத்துக் குடித்துவிடும்.

பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோசின் பிளக்ஸ் (ஆக்சைடை நீக்கும் பசை) தடவி, பின்னையும் அதைச் சுற்றிப் போர்டில் உள்ள செம்பு வட்டமான பேடையும் சேர்த்துச் சூடாக்குங்கள். சால்டரை முனையில் வைக்காமல் பின்னில் வையுங்கள். அது தானாக உருகிப் பின்னின் அடியைச் சுற்றி உட்குழிந்த சரிவாகப் படிந்தால் சரி. புடைத்து உருண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; ரோசின் புகை சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். காரீயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

உங்கள் இசியூவைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய ரேடியோ போர்டில் நூறு புள்ளிகளாவது வைத்துப் பழகுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் போர்டுகள் பக்கமே போக வேண்டாம். வேலை முடிந்ததும் நேராக மலைக்குக் கிளம்பிவிடாமல், என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஒரு வாரம் கீழேயே சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றால் ஏற்காட்டுக்கு ஏறலாம்.