இணைய முகவரி: படிக்கும் முறையும் நகலெடுக்கும் முறையும்

சம்பாப் பயிருக்குக் காப்பீடு செய்யக் கடைசி நாள் நெருங்கும்போதும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்யும்போதும், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டக் கிராமங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இணைய முகவரிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் சில சரியாகத் திறக்கின்றன; சில வேறெங்கோ கொண்டுபோய் விடுகின்றன. முகவரி எவ்வாறு அமைந்துள்ளது, அதை எங்கிருந்து எடுத்தோம் என்பவற்றைப் பொறுத்தே இது அமைகிறது.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த யூஆர்எல் என்னும் முகவரி முறை, 1994 டிசம்பரில் பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. முகவரியின் தொடக்கத்திலுள்ள 'எச்டிடிபிஎஸ்', நமக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. தளத்தை நடத்துபவர் நல்லவர் என்பதற்கு அது சான்றாகாது. அதையடுத்து, முதல் ஒற்றைச் சாய்கோடு வரை நீள்வது தளப்பெயர். இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கல்லணையில் பிரியும் வெண்ணாற்றிலிருந்து கிளையாறும், கிளையாற்றிலிருந்து வாய்க்காலும், வாய்க்காலிலிருந்து வயல் மடையும் தண்ணீர் பெறுவதுபோல, ஒவ்வொரு பெயரும் தனக்கு வலப்பக்கம் உள்ள பெயரிடமிருந்தே உரிமை பெறுகிறது. 'டிஎன்.கவ்.இன்' என்று தளப்பெயர் முடிந்தால் அது தமிழ்நாடு அரசின் ஆளுகைக்கு உட்பட்டது. அதே சொற்கள் இடப்பக்கத்தில் இருந்து, வலக்கோடியில் வேறு பெயர் நின்றால் அதை நம்பி ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ கொடுக்கவே கூடாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பல மோசடிகளிலிருந்து தப்பலாம்.

சாய்கோட்டுக்குப் பின் வரும் பாதையை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும், பக்கங்களை நமக்கு அனுப்பும் கணினிகளான வழங்கிகள் பல இப்பகுதியில் வெவ்வேறாகக் கருதுவதால், பார்த்துத் தட்டச்சு செய்வதைவிட நகலெடுப்பதே பாதுகாப்பானது. தமிழ்ச் சொல் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 'காவிரி' என்ற சொல் கணினிக்கு மூன்று எழுத்தன்று. க, கால், வ, மேல்விலங்கு, ர, மேல்விலங்கு என 6 குறியீடுகள். ஒவ்வொன்றும், கணினித் தகவலின் சிறு அலகான பைட்டில், 3 பைட்டுகளாகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதைத் தொடரும் 2 எழுத்துகளுமாக எழுதப்படுகிறது. ஆகவே நகலெடுத்து ஒட்டும்போது அச்சொல் 54 எழுத்துகளாக நீண்டுவிடலாம். கோளாறு என்று நினைத்து அதில் ஒரு பகுதியை வெட்டிவிட்டால் பக்கம் கிடைக்காது.

பக்கம் முழுதாகத் திறந்த பின், உலாவியின் மேலே உள்ள முகவரிப் பட்டையைத் தொட்டு, முழு முகவரியையும் தேர்ந்தெடுத்து நகலெடுக்க வேண்டும். தேடல் முடிவுகள் தெரியும் பக்கத்தில் இருந்தபடியே நகலெடுத்தால், தேடலின் முகவரிதான் போய்ச் சேரும். கேள்விக்குறிக்குப் பின் 'யூடிஎம்' என்று தொடங்கும் பகுதிகள், வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று கணக்கெடுப்பதற்கானவை. அவற்றை நீக்கினாலும் வழக்கமாகப் பக்கம் மாறாது.

ஆனால் கேள்விக்குறிக்குப் பின் வரும் எல்லாமே வேண்டாதவை அல்ல. பல தளங்களில் எந்தப் பக்கம் வேண்டும் என்பதே அங்குதான் எழுதப்பட்டிருக்கும். இதற்கு மாறாக, பட்டா, சிட்டா போன்ற விவரங்களைப் படிவத்தில் நிரப்பிப் பெறும்போது, நாம் கொடுத்த புல எண் முகவரியில் இடம்பெறாமல் தனியே வழங்கிக்கு அனுப்பப்படுவது உண்டு. அத்தகைய முகவரியை அனுப்பினால், பெறுபவருக்கு வெற்றுப் படிவமோ, நேரம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்போதான் தெரியும். அங்கே முகவரிக்குப் பதிலாக, அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து அனுப்புவதே பயன்படும்.